கிராணியார் பதில்கள்

கேள்வி: பள்ளி விட்டு வந்ததும் என் பேரனுக்குக் கம்ப்யூட்டரில் வாள் சண்டைதான். திட்டினால், “பாட்டி, அரசாங்கத் திட்டத்தையே இதுல சோதிச்சுப் பாக்குறாங்க” என்கிறான். கதை விடுகிறானா? உண்மையென்றால், நம் தோட்டச் சம்பளத்தையும் அதில் சோதிக்கலாமே?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பாதி உண்மை, அம்மா. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா இதற்கென்றே ‘ஆர்டன்’ என்ற இணைய விளையாட்டு உலகத்தைக் கட்டினார். ஓர் அறக்கட்டளை இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தது. ஷேக்ஸ்பியரை வைத்துச் செய்த முதல் விளையாட்டு சலிப்புத் தட்டிவிட்டது. (பாடப் புத்தகத்தை யார் விளையாடுவார்?) இரண்டாவதில் ஒரே மாதிரி இரண்டு உலகம் வைத்து, ஒன்றில் மட்டும் காயம் ஆற்றும் மருந்தின் விலையை இரட்டிப்பாக்கினார்கள். அங்கே மருந்து குறைவாக விற்றது.

இதைச் சொல்ல பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வெண்டைக்காய் விற்கும் அக்காள் போதாதா என்பீர்கள். போதும்தான். ஆனால் பொய்க் காசிலும் மனிதன் கணக்குப் பார்ப்பான் என்று தெரிந்த பிறகுதானே வரி, கூலி என்று போகலாம்? 2015 ஏப்ரலில் நமக்கு 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. நாடு முழுக்க ஒரே நாளில். ஒப்பிட்டுப் பார்க்க, வரி போடாத இன்னொரு மலேசியா ஏது?

காசில் மட்டுமல்ல, நோயிலும் அப்படித்தான். 2005இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டில் பாத்திரங்களைத் தாக்கும் ஒரு நோய்த் தொற்று, தயாரித்தவர்களின் கையை மீறி விளையாட்டின் ஊர்களுக்குள் பரவியது. சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள், சிலர் வேடிக்கை பார்க்கப் போய் மாட்டினார்கள். நோய்ப் பரவல் ஆய்வாளர்கள் இதை வைத்துக் கட்டுரையே எழுதினார்கள். கோவிட் காலத்தில் எங்கள் தோட்ட லயத்தில் ஒரு வீட்டை மூடியபோது, பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். செம்பனைக் குலைக்கு இத்தனை வெள்ளி என்று விளையாட்டில் விலை வைக்கலாம். கட்டுப்படியாகவில்லையென்றால் உங்கள் பேரன் கம்ப்யூட்டரை அடைத்துவிட்டுச் சாப்பிட வருவான். தோட்டத்தில் வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸ் வீட்டையும் காலி செய்ய வேண்டும். சம்பளம் போதாதென்று தெரிந்தும் குலை வெட்டுகிறவர்கள் ஏன் வெட்டுகிறார்கள் என்பதை அந்த உலகம் சொல்லாது.

பேரனிடம் ஒன்று கேளுங்கள்: அவன் விளையாட்டில் வாள் விலை ஏறியிருக்கிறதா, ஏன்? அரக்கனைக் கொல்லக் கொல்லப் புதுக் காசு கொட்டுவதால்தான் என்று சொல்லிவிட்டால், இன்னும் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.