சித்திரை மழையும் ஞாயிற்றுக்கிழமையும்

கேள்வி: மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. கோடை விடுமுறையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுடன் எங்காவது கிளம்புகிறோம். மதியமானால் இடியும் மழையும் விரட்டிவிடுகின்றன. போன வாரம் திற்பரப்பு சென்றபோது அருவியில் நனைந்ததைவிட வழியில் நனைந்ததுதான் அதிகம். ஆறு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மூட்டுவலியோடு அத்தையும் எங்களுடன் இருக்கிறார். மழை விடும்வரை வீட்டிலேயே இருந்துவிடுவதா? – ஒரு வாசகி, பார்வதிபுரம்.

பதில்: மழை விடும்வரை என்றால் கார்த்திகை தாண்டிவிடும். கோடை மழை ஓய்வதற்குள் ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்து நிற்கும். அது தணிந்தால் அக்டோபரில் வடகிழக்கு. இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் இது. அதுவரை பிள்ளைகளை அடைத்துவைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். நீங்கள் மாற்ற வேண்டியது கிளம்பும் நேரத்தைத்தான்.

பத்து மணிக்கு மேல் புறப்பட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இட்லி, தலைக்குக் குளியல் எல்லாம் முடிந்து பஸ் பிடித்து, குலசேகரம் தாண்டி அருவியைப் பார்க்கும்போது மணி ஒன்றை நெருங்கியிருக்கும். இந்த மாதத்தில் மழையும் ஏறத்தாழ அப்போதுதான் புறப்படுகிறது.

காரணம் எளிது. காலை முழுவதும் வெயிலில் நிலம் காய்கிறது. கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல நிற்கிறது. மேலே ஏறுவதைத் தவிர அந்தக் காற்றுக்கு வழியில்லை. ஏறி, குளிர்ந்து, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேகமாகக் குவிகிறது. இதற்கு அரைநாள் பிடிக்கும். கழுவிவிட்டதுபோல் விடிகிற வானம் இரண்டு, மூன்று மணிக்குக் கறுப்பது அதனால்தான். கைபேசியைப் பார்ப்பதற்கு முன் வடக்கே தாடகை மலையைப் பாருங்கள். பஞ்சுப்பொதி போன்ற மேகம் அடியில் கறுத்து உச்சியில் குடையாக விரிந்திருந்தால், கொடியில் காயும் துணியை எடுக்க இன்னும் சற்று நேரமே இருக்கிறது என்று பொருள். ஆகவே காலை ஆறரைக்குக் கிளம்புங்கள், இரண்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். இட்லியைத் தூக்குவாளியில் கொண்டுபோகலாம்.

இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் நாட்களும் உண்டு. ‘குமரிக்கடல் பகுதியில் நிலவும் வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி காரணமாக’ என்று செய்தியில் தொடங்கினால் மழைக்குக் காலை, மாலை என்ற பேதம் கிடையாது. அன்று கூரையுள்ள இடம்தான்.

திசையையும் கவனியுங்கள். மலையை ஒட்டிய குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மழை அதிகம். கன்னியாகுமரி, ஆரல்வாய்மொழி பக்கம் குறைவு. ரப்பர் நிற்கும் பக்கம் ஈரம், காற்றாலை நிற்கும் பக்கம் வறட்சி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் மறக்கமாட்டார்கள்.

இனி அருவி. நனைவது தொந்தரவு, அவ்வளவே. எனக்குக் கவலை தருவது வேறு: நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமலே வெள்ளம் வரலாம். திற்பரப்பில் விழுவது கோதையாறு. மலைமேல் ஒரு மணி நேரம் கொட்டினாலோ, பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரிநீரைத் திறந்தாலோ, கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவருக்கு அது முன்கூட்டித் தெரியாது. ஆனால் தண்ணீர் சொல்லும். முதலில் நிறம் மாறும், தெளிந்த நீர் பால் குறைந்த தேநீரின் நிறத்துக்கு வரும். பிறகு சருகும் சுள்ளியும் ரப்பர்க் கொட்டையும் மிதந்து வரும். கணுக்காலில் இருந்த நீர் முழங்காலை நோக்கி ஏறும். நிறம் மாறியதுமே பிள்ளைகளைக் கரையேற்றுங்கள். சோப்பு டப்பாவை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். காவலர் விசில் ஊதினால் வாதாட வேண்டாம். காளிகேசம் போன்ற காட்டோடைகளில் எச்சரிக்க ஆளும் இருப்பதில்லை, ஓடையும் குறுகல். இந்த மாதத்தில் சிறு பிள்ளைகளோடு அங்கே போவதை நான் விரும்பமாட்டேன்.

அடுத்தது இடி. மின்னலைப் பார்த்ததிலிருந்து ஓசை கேட்கும்வரை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். முப்பதை எட்டுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே இறங்கலாம். இடி இடித்தால் பாட்டிமார் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்பார்களே, அதை நிதானமாகச் சொன்னால் ஒரு முறைக்குக் கிட்டத்தட்ட ஒரு நொடி. அத்தை அர்ச்சுனனைக் கூப்பிடட்டும், பேரப்பிள்ளைகள் எண்ணட்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும்.

அந்த நேரத்தில் மரத்தடி வேண்டாம், தென்னந்தோப்பு அறவே வேண்டாம். கான்கிரீட் கட்டடம் நல்லது. கண்ணாடி ஏற்றிய காரும் நல்லது. ஒழுகுகிற பஸ்கூட இடிக்கு அடைக்கலம்தான். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் 115 அடி உயரத்தில், ஒதுங்க ஓர் இடமில்லாத நடைபாதை அது. சிதறால் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. ஏறும் வழியெல்லாம் கல், ஈரமானால் வழுக்கும். இரண்டையும் காலை பத்துக்குள் முடித்துவிடுங்கள். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, அருகில் மின்னல் விழுவதைக் காட்டும். கைபேசியில் ஏற்றிவையுங்கள்.

மலைப்பக்கம் மழை என்று கடலுக்குத் திரும்பினால் அங்கே வேறொரு சங்கதி இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் வருகிற ‘கள்ளக்கடல்’. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசிய காற்று கிளப்பிய அலை, பல நாள் பயணம் செய்து இங்கே வந்து ஏறுகிறது. உள்ளூரில் காற்றோ மழையோ இருக்க வேண்டியதில்லை. கள்ளன்போல் வருவதால் கடற்கரை மக்கள் வைத்த பெயர். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது, செய்திகளிலும் வரும். அது வந்த நாளில் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்பதோடு நிறுத்துங்கள், கால் நனைக்கக்கூட வேண்டாம். விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்பட்டிருந்தால் அதையும் ஒரு அறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

நாள் முழுக்கத் தூறும் நாளில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு இணை எதுவுமில்லை. வெயிலில் அங்கே போகிறவர்கள் பாதி அரண்மனையைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி. மழைக்காகவே கட்டிய வீடு அது: தாழ்ந்து சரிந்த ஓட்டுக் கூரை, சுற்றிலும் மரச்சட்டங்கள், நடுவே முற்றம். முற்றத்தில் மழை விழ, செருப்பில்லாத காலில் அந்தக் கறுத்த தரையின் குளிர்ச்சி ஏறும். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த தரை என்று சொல்கிறார்கள். ஒரு முறை என்னுடன் வந்த சிறுவன் குப்புறப் படுத்துக் கன்னத்தை அதில் வைத்துக்கொண்டான், காவலர் வந்து எழுப்பும்வரை. இருப்பது தக்கலை அருகில் என்றாலும் பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவேளை. எனவே ஒன்பது மணிக்கே வாசலில் நில்லுங்கள்.

ஸ்கூட்டரில் போவதானால் ஒரு சொல். பின்னால் இருப்பவர் குடை விரிக்கவே கூடாது. காற்று அதைப் பிடித்து இழுத்தால் வண்டியோடு சேர்த்துக் கவிழ்த்துவிடும். மழைக்கோட்டு போடுங்கள் அல்லது ஏதாவது கடைத் திண்ணையில் ஒதுங்குங்கள்.

வீட்டில் அடைபடும் மாலைகளுக்கு இந்த மாதமே வழி வைத்திருக்கிறது: சக்கை, அதாவது உங்கள் ஊர்ப் பலாப்பழம். முழுச் சக்கை ஒன்று வாங்கி, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பிள்ளைகளையும் உட்காரவையுங்கள். கெட்டிச் சுளையுள்ள வருக்கையா, குழைந்த சுளையுள்ள கூழனா என்று வெட்டுவதற்கு முன் பந்தயம் கட்டலாம். சுளை எடுத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும், மழையும் அதற்குள் நின்றுவிடும். நின்றதும் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் வாளி எல்லாவற்றையும் கவிழ்க்கும் வேலையைப் பெரியவனிடமோ பெரியவளிடமோ கொடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்; ஆகவே வாரம் தவறக்கூடாது. தேங்கிய நீரில் வெறுங்காலோடு குதிக்கவிட வேண்டாம், எலிக்காய்ச்சல் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் ஏறிவிடும்.

அத்தையைப் பற்றி: அரண்மனையின் மரப்படிகள் குறுகலும் செங்குத்தும் ஆனவை, அவருக்கு ஒத்துவராது. அவரைச் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். நடப்பதெல்லாம் கூரையிட்ட நீண்ட பிராகாரத்தில்தான், மழை பெய்தாலும் நனையாது. தட்டினால் ஒலிக்கும் இசைத்தூண்களும் பதினெட்டடி அனுமனும் பிள்ளைகளுக்கு. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதை மட்டும் உங்கள் கணவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும், அதற்கும் காலையிலேயே கிளம்பத்தான் வேண்டியிருக்கும்.