மூன்று துப்பாக்கி, ஒரு காந்தம்

கேள்வி: டல்லாஸ் பக்கத்தில் வசிக்கிறேன். கிரீன் கார்டு வந்து ஓராண்டாகிறது. மூன்று வகைத் துப்பாக்கியாலும் சுடும் மல்டி-கன் போட்டி உள்ளூர் கிளப்பில் நடக்கிறது, அதில் இந்த முறை கலந்துகொள்ளப் போகிறேன். ஏஆர்-15 ரைபிள், 9 எம்எம் கைத்துப்பாக்கி, 12 கேஜ் செமி-ஆட்டோ ஷாட்கன் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. பெட்டி பெட்டியாக மொத்தமாக வாங்கினால் மலிவு என்கிறார் கடைக்காரர். ஆன்லைனில் இரும்புக் கூடு போட்ட ரைபிள் தோட்டா அதைவிட மலிவு. எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் மொத்தமாக வாங்காதீர்கள். முதல் செலவு ஒரு சின்னக் காந்தமாக இருக்கட்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதே போதும்.

மல்டி-கன் போட்டியில் பல இலக்குகள் எஃகுத் தகடுகள். பல மலிவு ரைபிள் தோட்டாக்களில் கூடு மட்டும் இரும்பு அல்ல. குண்டின் மேலுறையும் இரும்புதான், அதன்மேல் மெல்லிய செம்புப் பூச்சு இருக்கும். அது தகட்டில் குழி பறிக்கும், தீப்பொறியும் கிளப்பும். ஆகஸ்ட் மாத டெக்சாஸில் காய்ந்து கிடக்கும் புல்லில் அந்தப் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் பல கிளப்புகளில் குண்டின் மூக்கில் காந்தத்தை வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டினால் சுட விடமாட்டார்கள். பச்சை முனை போட்ட எம்855 ரகமும் இதில் மாட்டும், உள்ளே எஃகு ஊசி இருப்பதால். காந்தத்தைக் கூட்டில் வைக்காமல் குண்டில் வைத்துப் பாருங்கள். கூடு மட்டும் இரும்பாக இருந்தால் சில இடங்களில் விடுவார்கள், ஆனால் அதை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த முடியாது. பித்தளைக் கூடு என்றால் பொறுக்கி வைத்துப் பின்னால் நிரப்பலாம், அல்லது விற்கலாம்.

ரைபிளுக்கு 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) எடை, செம்பு உறை, ஈய உள்ளீடு, பித்தளைக் கூடு. இது போதும். உள்ளூர் போட்டிகளில் தூரம் பெரும்பாலும் 100, 200 கஜத்தைத் தாண்டாது. 300 கஜத்துக்கு மேல் இலக்கு வைக்கும் பெரிய போட்டிக்குப் போகும்போது 69 அல்லது 77 கிரெய்ன் மேட்ச் (போட்டிக்கான துல்லிய ரக) குண்டு ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். காற்றில் அவ்வளவாக விலகாது. வாங்குமுன் குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். 1:9 (குழலின் உட்புரி 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று) என்றிருந்தால் 77 கிரெய்ன் குண்டு நேராகச் சுழன்று போகாமல் தடுமாறலாம். 1:8 அல்லது 1:7 வேண்டும். அதே இடத்தில் 223 (5.56 போலவே தோற்றமளிக்கும் தோட்டா ரகம்) என்று மட்டும் பொறித்திருந்தால் 5.56 தோட்டாவைப் போடாதீர்கள், அழுத்தம் கூடிவிடும். 5.56 என்றோ 223 வைல்ட் என்றோ இருந்தால் இரண்டும் போகும். எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும் என்பதால், புது ரகம் வாங்கும்போதெல்லாம் குறியைச் சரிபார்க்க ஒரு இருபது தோட்டாவை ஒதுக்குங்கள்.

கைத்துப்பாக்கியில் சிக்கல் குறைவு. ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டிச் சங்கத்தின் விதிப்படி நடக்கும் போட்டியில் குண்டின் எடையை (கிரெய்னில்) வேகத்தால் (நொடிக்கு எத்தனை அடி) பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். 125-க்குக் குறைந்தால் புள்ளி கிடையாது, சும்மா சுட்டுவிட்டு வரலாம். 115 கிரெய்ன் குண்டு உங்கள் குழலில் 1080 அடி வேகத்தில் போனால் 124.2. போச்சு! 124 கிரெய்ன் குண்டு 1050 அடியில் போனாலே 130.2. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் தொழிற்சாலையின் சோதனைக் குழலில் அளந்தது. குட்டைக் குழலில் அது குறையும். அதனால் என் ஓட்டு 124-க்குத்தான். கிளப் அளவில் யாரும் வேகம் அளக்கப் போவதில்லை என்றாலும், கீழே விழ வேண்டிய தகடு விழாமல் நின்றால் நஷ்டம் உங்களுக்குத்தானே.

ஷாட்கன் விஷயத்தில்தான் ஆட்கள் காசை விடுகிறார்கள். நானும் விட்டிருக்கிறேன். தள்ளுபடியில் வந்ததே என்று 1 அவுன்ஸ் மெதுவான ரகத்தில் இருநூறு வாங்கினேன். என் துப்பாக்கி மூன்றாவது தோட்டாவிலேயே காலிக் கூட்டை வெளியே தள்ளாமல் கடித்துக்கொண்டது. செமி-ஆட்டோ ஷாட்கன் இயங்குவதே தோட்டாவின் விசையில்தான். விசை போதாவிட்டால் பாதியில் நின்றுவிடும். ஏழரை நம்பர் ஈய ரவை, 1⅛ அவுன்ஸ், 1200 அடி வேகம் என்று பெட்டியில் பாருங்கள். பறக்கும் களிமண் தட்டும் உடையும், இரும்புத் தகடும் சாயும். எட்டாம் நம்பர் ரவை தட்டுக்கு நன்றாக இருந்தாலும், கனமான தகட்டைச் சாய்க்கத் திணறும். வாத்து வேட்டைக்கு விற்கும் எஃகு ரவை வேண்டாம், காந்தக் கதைதான்.

ஒற்றைக் குண்டான ஸ்லக் ஒரு போட்டிக்குப் பத்து இருபதுக்கு மேல் தேவைப்படுவது அரிது. உதை குறைந்த ரகமே போதும். இரண்டு மூன்று பிராண்டில் ஐந்தைந்து வாங்கி 50 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். எது உங்கள் குழலில் நெருக்கமாக விழுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். குழல் வாயை மிகவும் குறுக்கும் ஃபுல் சோக்கை மாட்டிக்கொண்டு ஸ்லக் சுடக் கூடாது.

இப்படி மூன்றிலும் உங்களுக்கு ஒத்துவருவது எது என்று தெரிந்த பிறகு மொத்தமாக வாங்குங்கள், முடிந்தால் ஒரே லாட் எண்ணில் (ஒரே தொகுப்பாகத் தயாரானது). அதிலும் விலைப் பலகையை நம்பாமல், வரி, அனுப்பும் கூலி எல்லாம் சேர்த்து எண்ணிக்கையால் வகுத்து ஒரு தோட்டா என்ன விலை என்று பாருங்கள். தோட்டா கனம், கூலி அதிகம். பாதி நேரம் பக்கத்துக் கடையே மலிவாக முடியும். யாரோ வீட்டில் நிரப்பி ஜிப் பையில் போட்டு விற்பதை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

கேள்வி: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். மேலே கேட்டவர் போல நானும் ஆரம்பிக்கலாமா? தோட்டா மட்டும் வாங்கி நண்பரின் துப்பாக்கியில் சுட்டால்?

பதில்: அவசரப்படாதீர்கள். அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் கேட்காமல் விற்றார் என்பது பதிலாகாது.

கேள்வி: போட்டிக்குத் தூக்கிப்போகும் முதுகுப்பை நல்ல தரம். ஊருக்குப் போகும்போதும் அதையே எடுத்துப்போகலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பதில்: வேண்டவே வேண்டாம். ஓரத்தில் ஒரே ஒரு 9 எம்எம் தோட்டா கிடந்தாலும் இந்தியாவில் அது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்கு. தெரியாமல் வந்தது என்று நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ததுண்டு. அதற்குள் விமானம் போயிருக்கும், பாஸ்போர்ட்டும் கையில் இருக்காது. போட்டிக்கு ஒரு பை, ஊருக்கு ஒரு பை. ஏற்கெனவே கலந்துவிட்டதா? எல்லா ஜிப்பையும் திறந்து, அடித்துணியைத் தூக்கி, பையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள்.