கடல்நீர் மீன்தொட்டிக்குள் ஒட்டிவந்த குட்டி நத்தைகள்: கேள்வி பதில்

கீழக்கரை: காக்கா (அண்ணே), பாசி தின்ன விட்ட டர்போ நத்தையின் ஓட்டு விளிம்பில் குருணை அரிசி மாதிரி ஏழெட்டு வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. அதன் குஞ்சுகளா?

குஞ்சு இல்லை தம்பி. பிரமிடெல்லிட் என்ற ஒட்டுண்ணி நத்தை. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பாசி தின்னும் நத்தைக்கு அரம் போன்ற நாக்கு உண்டு. இதற்கு அது கிடையாது. ஊசி மாதிரி ஒன்றை நீட்டி டர்போவின் சதையில் குத்தி உறிஞ்சும். பகலில் ஒளிந்துகொள்ளும் என்பதால் எண்ணிக்கை ஏமாற்றிவிடும். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பாருங்கள். என் தொட்டியில் முதன்முதலாக அப்படிப் பார்த்த இரவு, ஓடும் சதையும் சேரும் இடத்தில் பல்வரிசை போல நின்றன. பாவம், அந்த டர்போ கண்ணாடியில் ஏறத் தெம்பில்லாமல் மணலில் கிடந்தது. தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதற்குள் நத்தையை வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். ஓட்டில் பசைத்திட்டு தெரிந்தால் முட்டை, அதையும் தேயுங்கள். அப்புறம் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் இடைவிடாமல் செய்தால்தான் பலன்.

தங்கச்சிமடம்: அண்ணே, நகம் அளவு ஓடு, அதைவிடப் பெரிய உடம்பு. வெளிச்சம் பட்டால் ஓடுகிறது. எடுத்துவிடவா? தீவுப் பக்கம் இன்னும் கொஞ்சம் பவளப்பாறை எடுத்து வரலாமா?

இது ஸ்டோமடெல்லா. பாசியை மட்டும் மேயும், இருக்கட்டும். பிடித்தால் உடம்பின் பின்பகுதியை உதிர்த்துவிட்டு ஓடும். பாறை மட்டும் வேண்டவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பவளம் எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காய்ந்த செயற்கைப் பாறை போதும்.

ராமநாதபுரம்: சார், பாறையில் கூரான குழல்கள், வாயில் சிலந்தி நூல் போல ஏதோ ஆடுகிறது. புழுவா?

நத்தைதான், வெர்மெட்டிட். சளி நூல் வீசி உணவுத் துகளைப் பிடிக்கும். நூல் படும் மென்பவளம் விரியாமல் சுருங்கிவிடும். குழலை ஒடித்து, வாயைச் சூப்பர் குளூ ஜெல்லால் அடையுங்கள். பொடித் தீனியையும் குறையுங்கள்.

பரமக்குடி: பேரெல்லாம் நினைவில் நிற்காது. பொதுவாக ஒரு வழி?

ஓட்டின் வாயைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் பெரும்பாலும் பாசி தின்னி. நுனியில் காடி (சிறு பள்ளம்) வெட்டியிருந்து, அதில் மூக்குக்குழல் நீட்டினால் சதை தின்னியாக இருக்கலாம், தனியே வைத்துக் கவனியுங்கள். செரித் என்ற நத்தை விதிவிலக்கு; காடி இருந்தும் பாசிதான் தின்னும்.

மண்டபம்: அண்ணே, பையன் கரையில் எடுத்த கூம்பு வடிவச் சங்கைத் தொட்டியில் போட்டுவிட்டான். நகர்கிறது.

தொட்டியில் கையை விடாதீர்கள். கூம்புச் சங்கு விஷமுள் எய்யும். சில இனம் குத்தி ஆள் இறந்ததுண்டு, மாற்று மருந்தும் இல்லை. அகன்ற பக்கம் பிடித்தால் ஆபத்தில்லை என்பார்கள், நம்பாதீர்கள். அதன் குழல் வளைந்து எட்டும். நீள இடுக்கியால் வாளிக்கு மாற்றுங்கள். பையன் அதைக் கையிலோ சட்டைப்பையிலோ வைத்திருந்தானா என்று இப்போதே கேளுங்கள். மரத்துப்போவது, கண் மங்குவது, மூச்சுத் திணறல் என்று எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.