கூட்டத்துக்கு முந்தைய வேலை

அன்புள்ள ஐயா,

தனியார் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். கிடங்கின் இருப்புக் கணக்கு முறையை மாற்ற நான் எழுதிய திட்டம் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் தள்ளுபடியானது. மூன்று மாதம் கழித்து அதையே சக ஊழியர் ஒருவர் கொண்டுவந்தார், ஏற்றுக்கொண்டார்கள். பதவி உயர்வும் அவருக்கே. மேலாளர் பாரபட்சமானவர். எனக்கு இந்த அரசியல் வராது. நேர்மையாக உழைப்பவர்களுக்கு இடமில்லாத வேலையை விட்டுவிடலாமா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

யோசனை உங்களுடையது, பெயர் இன்னொருவருக்குப் போயிருக்கிறது. வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ‘எனக்கு அரசியல் வராது’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் திட்டத்தால் யாருக்கு வேலை கூடும், யாருடைய பிடி தளரும் என்று முன்கூட்டியே ஒருவரிடமாவது கேட்டீர்களா? கிடங்குப் பொறுப்பாளர் அதைக் கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கேட்டிருப்பார். பத்துப் பேர் முன்னால் தன் கணக்கு முறை தவறு என்று கேட்பவர் எதிர்க்காமல் என்ன செய்வார்? உழைப்பில் பாதியைச் செய்யாமல் விட்டுவிட்டு அதற்கு நேர்மை என்று பெயர் வைக்காதீர்கள்.

மேலாளர் பாரபட்சமானவராகவே இருக்கட்டும். அதைப் பேசிப் பயனில்லை.

சில நாட்களாக வி.பி. மேனன் நினைவாகவே இருக்கிறேன். ஆங்கிலேயர் ஆட்சியில், 1914-ல் உள்துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ஐ.சி.எஸ். என்ற உயர் அதிகாரப் பணிக்காரர்கள் கோலோச்சிய இடத்தில், ஐ.சி.எஸ். அல்லாத அவர் 1942-ல் சீர்திருத்த ஆணையரானார். 1947 மே 10 இரவு, லண்டனிலிருந்து ஒப்புதலோடு திரும்பிய அதிகார மாற்றத் திட்டத்தைச் சிம்லாவில் வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் நேருவிடம் காட்ட, நேரு கொதித்துப்போனார். மறுநாள் சில மணி நேரத்தில் மாற்று வரைவை எழுதிக்கொடுத்தவர் மேனன். அந்த வேகத்தைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். டொமினியன் அந்தஸ்து, அதாவது பிரிட்டிஷ் காமன்வெல்த்துக்குள் தன்னாட்சி நாடாக இருப்பது என்ற யோசனையை மாதக்கணக்கில் முன்பே படேலிடம் பேசி அவர் இசைவைப் பெற்றிருந்தாரே, அதை யார் பேசுகிறார்கள்? சிம்லாவில் நேருவிடமும் முன்னதாகவே பேசியிருந்தார். முதல் திட்டத்தில் தன் யோசனைக்கு இடம் கிடைக்காதபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். எந்த வரைவையும் அதிகாரியின் கையொப்பத்துக்கு அனுப்பும் முன், தானே எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்கு மாடியேறுவார். அங்கே இருந்தவர் எதற்கெடுத்தாலும் ஆட்சேபம் எழுதுகிறவர். அவர் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, “எங்கே இடிக்கிறது, ஓரத்தில் குறித்துக்கொடுங்கள் சார்” என்பார். ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் எழுதி, பென்சில் கோடுகளை அழித்த பிறகுதான் கோப்பு மேலே போகும். அவருடைய கோப்புகளில் பேனாவால் எழுதிய ஆட்சேபத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் யாரையும் முகஸ்துதி செய்தும் பார்த்ததில்லை. இதைத்தான் நீங்கள் அரசியல் என்று ஒதுக்குகிறீர்கள். அது அடுத்தவரின் சங்கடத்தை மதிப்பது, ஐயா! அந்த மரியாதை இல்லாமல் எவ்வளவு நல்ல திட்டமும் மேஜையைத் தாண்டாது.

வேலையை விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். அதை வீட்டில் கலந்து முடிவெடுங்கள். அடுத்த திட்டத்தை மட்டும், கூட்டத்துக்கு முன்பே, அந்தக் கிடங்குப் பொறுப்பாளரிடம் எடுத்துப்போங்கள். அவர் சொல்லும் ஆட்சேபங்களை எனக்கு எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.