முறைப்பாட்டில் ‘சுத்துமாத்து’ என்று எழுதலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சீட்டுப் பிடிப்பவர் ஒருவர், என் முறை வந்தும் காசைத் தராமல் ஒவ்வொரு சாட்டாகச் சொல்கிறார். பொலிஸ் முறைப்பாட்டில் ‘சுத்துமாத்துச் செய்தார்’ என்று எழுதலாமா? பேய்க்காட்டல், பம்மாத்து என்பவையும் இதே பொருள்தானா?

பதில்: எழுதுவதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு முறைப்பாட்டை முடித்துவிடாதீர்கள்.

சுற்று, மாற்று என்பவற்றின் பேச்சுவடிவமே சுத்துமாத்து. வெளிப்படையாகப் பறித்தால் இச்சொல் வராது. கணக்குக் கேட்டால் வேறு கொப்பியைக் காட்டுவது, கொப்பியைப் பிடித்தால் இன்னொருவரைக் கைகாட்டுவது என்று கதையைச் சுழற்றிப் பிடிகொடாமல் நழுவுவதுதான் சுத்துமாத்து. “என்னட்டைச் சுத்துமாத்து விடாதை” என்போம். “என்னைச் சுத்துமாத்தினான்” என்று வராது. அந்த இடத்துக்கு உரியது “பேய்க்காட்டிப்போட்டான்”. அதற்கு ஏமாந்த ஆள் ஒருவர் வேண்டும். பாரமும் குறைவு, அழுகிற பிள்ளைக்கு “நாளைக்கு வாங்கித் தாறன்” என்பதும் பேய்க்காட்டல்தான். பம்மாத்து வெறும் வெளிவேடம், அதில் எவருக்கும் நட்டம் வரவேண்டும் என்றில்லை. விளையாட்டில் செய்யும் கள்ளத்துக்கு அளாப்பல் என்ற நல்ல சொல் தனியே உண்டு.

இனி முறைப்பாடு. சுத்துமாத்து என்பது உங்கள் தீர்ப்பு. பொலிசாருக்கு வேண்டியது நடந்த விபரம். தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு வஞ்சித்தலை வரையறுக்கிறது: பொய்யாக நம்பவைத்து, அதனாலேயே பொருளைக் கொடுக்கச் செய்வது அதில் முக்கியம். நம்பி ஒப்படைத்த காசைப் பிறகு கையாடினால் அது நம்பிக்கை மோசடி, 388ஆம் பிரிவு. ஆகவே எது முதலில் நடந்தது என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. பலர் கடைசியாகச் சொன்ன சாட்டுகளை நீட்டி எழுதிவிட்டு, காசு வாங்கும்போது அவர் சொன்னதை விட்டுவிடுகிறார்கள். முறைப்பாடு வலுவிழப்பது அங்கேதான்.

“2 இலட்சம் ரூபா தருவதாகச் சுத்துமாத்துச் செய்தார்” என்று எழுதாமல், எந்தத் திகதியில், யார் முன்னிலையில், எவ்வளவு கட்டினீர்கள், என்ன சொல்லி வாங்கினார், எப்போது தருவதாக ஒப்புக்கொண்டார் என்று வரிசையாக எழுதுங்கள். சீட்டுக்கொப்பி, வங்கிப் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்தி ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். அவர் வாயால் வந்த பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சாகவே இருந்தால், மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே பதியச் சொல்லுங்கள். வாசித்துப் பார்த்தபின் கையொப்பமிட்டு, பதிவு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

முகநூலில் மட்டும் அவர் பெயரைப் போட்டு ‘சுத்துமாத்துக்காரன்’ என்று எழுதவேண்டாம். மானநட்ட வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம்.