சிங்கப்பூரின் பாட்டாளிக் கட்சி ஆட்சிக்கே வராமல் இத்தனை ஆண்டுகள் எப்படி நிலைத்தது?

1959 முதல் ஒரே கட்சி ஆண்டுவரும் நாட்டில், இடதுசாரிச் சாய்வுள்ள ஒரு சிறிய எதிர்க்கட்சி ஏன் கரைந்துபோகவில்லை என்றும், அது என்றாவது ஆட்சியைப் பிடிக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். அந்தக் கட்சியின் உறுப்பினன் அல்லன். ஆனால் சிறுவயது முதல் அதன் சுத்தியல் சின்னத்தைப் பார்த்தும் அதைப் பற்றிய வாக்குவாதங்களை வீட்டில் கேட்டும் வளர்ந்தவன் என்பதால், இந்தக் கேள்வியை அக்கறையோடு அணுகுகிறேன். அக்கட்சி தோற்ற காலங்களில் என்ன செய்தது, தலைமை எவ்வாறு கைமாறியது என்ற இரண்டையும் கவனித்தால்தான் அது நிலைத்த காரணம் புரியும் என்பது என் கருத்து.

சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல், தன்னாட்சி குறித்த லண்டன் பேச்சுவார்த்தை தோல்வியடைந்ததால் 1956இல் பதவி விலகினார். பின்னர் தாம் தலைமை வகித்த தொழிலாளர் முன்னணியிலிருந்து வெளியேறி, 1957 நவம்பரில் பாட்டாளிக் கட்சியைத் தொடங்கினார். அடுத்த மாதமே நடந்த மாநகர சபைத் தேர்தலில் ஐந்து இடங்களில் போட்டியிட்டு நான்கில் வென்ற கட்சி, 1959 பொதுத்தேர்தலில் ஓர் இடம்கூடப் பெறவில்லை. 1961இல் ஆன்சன் இடைத்தேர்தலில் மார்ஷல் வென்றார். 1963இல் கட்சியை விட்டே விலகிவிட்டார். நிறுவியவரே போன பிறகு கட்சியின் பெயர் மட்டும் ஏறத்தாழ எட்டாண்டுகள் ஏட்டில் இருந்தது.

1971இல் தலைமைச் செயலாளரான ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்தினம்தான் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். யாழ்ப்பாணத்துச் சங்கானையில் 1926இல் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, லண்டனில் சட்டம் பயின்று, சிங்கப்பூரில் மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றிவிட்டு அரசுப் பணியைத் துறந்தவர் அவர். 1972, 1976, 1980 ஆகிய பொதுத்தேர்தல்களிலும் 1977, 1979 ஆகிய ஆண்டுகளின் இடைத்தேர்தல்களிலும் நின்று ஐந்து முறையும் தோற்றார். 1976 தேர்தல் பிரசாரத்தில் பேசிய பேச்சுக்காகப் பிரதமர் லீ குவான் இயூ தொடுத்த அவதூறு வழக்கிலும் தோற்றார். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாத அந்தப் பத்தாண்டுகளை வரலாற்றுக் குறிப்புகள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. கட்சியின் வரலாற்றில் மிக முக்கியமான காலம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். வெல்ல வாய்ப்பில்லை என்று தெரிந்தும் வேட்புமனுவும் வைப்புத்தொகையும் செலுத்தி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் படிகளில் ஏறி இறங்கி, தங்கள் செய்தித்தாளைக் கையில் ஏந்தி விற்ற சிலர் இருந்ததால்தான், வாய்ப்பு வந்த நாளில் ஒரு கட்சி அங்கே இருந்தது.

அந்த நாள் 1981 அக்டோபர் 31. ஆன்சன் உறுப்பினரான தேவன் நாயர் அதிபராகப் பொறுப்பேற்றதால் அத்தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. துறைமுகத்தை ஒட்டிய தொகுதி அது. துறைமுக ஊழியர் குடும்பங்கள் வாழ்ந்த பிளேர் பிளெயின் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லியிருந்ததால் மக்களிடம் மனக்குறை இருந்தது. ஜெயரத்தினம் 7,012 வாக்குகளும் ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியின் வேட்பாளர் 6,359 வாக்குகளும் பெற்றனர். விடுதலைக்குப் பிறகு எதிர்க்கட்சி வென்ற முதல் இடம், இருபது ஆண்டுகளுக்கு முன் மார்ஷல் வென்ற அதே ஆன்சன். 1984இல் அவர் மீண்டும் அங்கே வென்றார்.

அந்த வெற்றி நிலைக்கவில்லை. கட்சிக் கணக்குகள் தொடர்பான வழக்கில் 1986இல் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனையும் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதமும் விதிக்கப்பட்டன. 2,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் அபராதம் பெற்றவர் உறுப்பினராக நீடிக்க முடியாது என்பது அன்றைய விதி. அதனால் பதவி போயிற்று, வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிற்று. உரிமத்துக்கான மேல்முறையீட்டை 1988இல் விசாரித்த, லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், அவருக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டதாகக் கூறி அவரை மீண்டும் வழக்கறிஞர் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குற்றத்தீர்ப்பு அப்படியே இருந்ததால் தேர்தல் தடை நீங்கவில்லை. ஆன்சன் தொகுதியும் அதே ஆண்டு வரைபடத்திலிருந்து மறைந்தது.

இந்தக் காலத்தில் களத்தின் விதிகளும் மாறின. குறைந்த வித்தியாசத்தில் தோற்ற எதிர்க்கட்சியினருக்காக 1984இல் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் முறை வந்தது. அதன்படி முதலில் இடம் தரப்பட்ட பாட்டாளிக் கட்சி வேட்பாளர் அதை ஏற்க மறுத்தார்; வாக்காளர் தராத இடம் தேவையில்லை என்பது அன்றைய மனநிலை. 1988இல், பல வேட்பாளர்கள் ஓர் அணியாகச் சேர்ந்து போட்டியிடும் குழுத்தொகுதி முறை வந்தது. சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவத்தை உறுதிசெய்வதே அதன் நோக்கம் என அரசாங்கம் கூறியது. ஆனால் ஒரே நேரத்தில் பல தகுதியான வேட்பாளர்களைத் திரட்ட முடியாத சிறிய கட்சிக்கு அது உயர்ந்த மதிலாக நின்றது. அவ்வாண்டு இயூனோஸ் குழுத்தொகுதியில் 49 விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதலாகப் பெற்றும் கட்சி தோற்றது. இம்முறை அந்த அணியின் லீ சியூ சோ தொகுதியில்லா இடத்தை ஏற்றுக்கொண்டார். நான்கே ஆண்டுகளில் ஏற்பட்ட இந்த மாற்றத்தைக் கொள்கைத் தளர்வு என்று சிலர் குறை கூறுவர்; நான் அவ்வாறு கருதவில்லை. மன்றத்துக்குள் பேசுவதற்கு ஒரு குரல் இருந்தால்தான் வெளியே கட்சிக்கு ஆள் சேரும்.

1991இல் ஓர் உறுப்பினரை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஹவ்காங் தனித்தொகுதியில் லோ தியா கியாங் வென்றபோது கட்சியின் குணமே மாறத் தொடங்கியது. ஜெயரத்தினம் உரிமைகளையும் நீதியையும் பற்றி ஆங்கிலத்தில் முழங்கியவர். சீனமொழி வழி நன்யாங் பல்கலைக்கழகத்தில் படித்த லோ, அந்த வட்டாரத்து முதியவர்களின் டியோச்சூ என்னும் சீனக் கிளைமொழியில் பேசி, ஈமச்சடங்குகளுக்குச் சென்று, குடியிருப்புகளைப் பராமரிக்கும் நகர மன்றத்தைச் சிக்கனமாக நடத்தினார். ஆளுங்கட்சிக்கு வாக்களித்த வட்டாரங்களுக்கே வீட்டு மேம்பாட்டுப் பணிகளில் முன்னுரிமை என்று 1997 தேர்தலையொட்டி அறிவிக்கப்பட்ட பிறகும், ஹவ்காங் மக்கள் அவரைக் கைவிடவில்லை. அங்கே குடியிருந்த என் உறவினர்கள், மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்காத புளோக்கில் பல ஆண்டுகள் படியேறினார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அதைத் தெரிந்தே வாக்களித்தார்கள். இந்தக் கட்சி நிலைத்ததற்கான பெருமையில் பாதி அவர்களைப் போன்றவர்களுக்கு உரியது.

2001ஆம் ஆண்டை வருத்தமின்றி என்னால் எழுத முடியாது. அவதூறு வழக்குகளின் இழப்பீட்டுத் தொகையைச் செலுத்த இயலாமல் ஜெயரத்தினம் திவாலானார். 1997 முதல் வகித்த தொகுதியில்லா இடத்தையும் இழந்தார். தலைமை லோவிடம் சென்றது. நெருக்கடியில் கட்சி தமக்குத் துணை நிற்கவில்லை என்ற மனக்கசப்புடன் ஜெயரத்தினம் வெளியேறினார். பின்னாளில் தாம் எழுதிய நூல்களைத் தெருவோரம் நின்று விற்றார். ஆர்ச்சர்ட் சாலையில் அவர் கையிலிருந்து நான் ஒரு பிரதி வாங்கியிருக்கிறேன்; வெள்ளைக் கிருதாவும் நிமிர்ந்த நடையும் கொண்ட அந்த முதியவரைக் கடந்து சென்ற பலர் பார்வையைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். திவால் நிலையிலிருந்து 2007இல் மீண்ட அவர், 2008இல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கிய சில மாதங்களிலேயே காலமானார்.

லோவிடம் நான் மதிப்பது, இருக்கையை விட்டு எழுந்திருக்கும் துணிவு. 2011இல் இருபது ஆண்டுகள் காத்த ஹவ்காங்கை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, அதுவரை தொகுதியில்லா உறுப்பினராக இருந்த சில்வியா லிம்முடன் அல்ஜுனிட் குழுத்தொகுதியில் நின்றார். தோற்றிருந்தால் அவருக்கும் லிம்முக்கும் நாடாளுமன்றத்தில் தொகுதி இடம் கிடைத்திருக்காது. 54.7 விழுக்காடு வாக்குகளுடன், எதிர்க்கட்சி ஒன்று முதன்முறையாகக் குழுத்தொகுதியைக் கைப்பற்றியது. வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ தோற்றார். 2018இல் தலைமையைப் பிரித்தம் சிங்கிடம் ஒப்படைத்த லோ, 2020 தேர்தலில் போட்டியிடவில்லை. அவ்வாண்டு செங்காங் குழுத்தொகுதியும் சேர்ந்து கட்சிக்குப் பத்து இடங்கள் கிடைத்தன.

தவறுகளும் உண்டு. அல்ஜுனிட் நகர மன்ற நிர்வாகம் குறித்த வழக்கு பல ஆண்டுகள் இழுத்து 2024இல் சமரசமானது. கட்சியின் இளம் உறுப்பினர் ஒருவர் 2021இல் நாடாளுமன்றத்தில் பொய் கூறியதாக ஒப்புக்கொண்டு விலகினார். அது குறித்து விசாரித்த நாடாளுமன்றக் குழுவிடம் பொய்யுரைத்ததாகப் பிரித்தம் சிங் 2025 பிப்ரவரியில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் தலா 7,000 வெள்ளி அபராதம் பெற்றார். தகுதியிழப்புக்கான வரம்பு அதற்குள் ஒரு குற்றத்துக்கு 10,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டிருந்ததால் அவர் பதவியிலும் போட்டியிலும் நீடிக்க முடிந்தது. 1986ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு மனத்தில் எழாமல் இராது.

கொள்கையைப் பொறுத்தவரை, குறைந்தபட்ச ஊதியம், வேலையிழப்புக் காப்புறுதி போன்ற கோரிக்கைகளால் அதை மிதமான இடதுசாரிக் கட்சி எனலாம். அரசாங்கம் 2025இல் வேலை இழந்தோருக்கு ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை தரும் திட்டத்தைத் தொடங்கியது. அது காப்புறுதித் திட்டம் அன்று. ஆயினும் கட்சி ஆண்டுக்கணக்காக வற்புறுத்திய தேவையைத்தான் அதுவும் நிறைவேற்ற முயல்கிறது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடையைக் கட்சியின் நடத்தையிலேயே காணலாம். நாடாளுமன்றத்தில் மூன்றில் ஓர் இடத்தைப் பெறுவதே நடுத்தரகால இலக்கு எனப் பிரித்தம் சிங் 2019இல் கூறினார்; அரசமைப்பைத் திருத்த ஆளுங்கட்சிக்குத் தேவையான மூன்றில் இரண்டு பெரும்பான்மையை மறுப்பதற்குப் போதுமான இடங்கள் அவை. 2025 மே மாதத் தேர்தலில் மொத்தம் 97 இடங்கள் இருந்தன. பாட்டாளிக் கட்சி 26 பேரை மட்டுமே நிறுத்தியது; அனைவரும் வென்றிருந்தாலும் ஆட்சி அமைத்திருக்க முடியாது. பத்து இடங்களையும் தக்கவைத்துக்கொண்டு, தொகுதியில்லா இடங்கள் இரண்டையும் பெற்றது.