போக வேண்டிய ஊரை விட்டுத் திசை மாறி வரும் ரீஜனல் ஜெட்களை (சின்னப் பயணிகள் ஜெட் விமானங்களை) முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா, இல்லை எல்லாம் அதிர்ஷ்டம்தானா?

முடியும். எல்லா முறையும் முடியாது, ஆனால் பல முறை முடியும். நான் எடுத்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த படத்தை யாரிடம் காட்டினாலும் "உனக்கு லக்கு" என்றுதான் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்களும் என்னைப் போல ஏடிஆர் என்ற சின்ன புரொப்பெல்லர் விமானங்கள் மட்டுமே வந்துபோகும் ஒரு சின்ன விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே நிற்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். பெரிய நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அந்தப் படம் எடுத்த அன்று மாலை, பக்கத்துப் பெரிய நிலையத்தின் மெட்டார் என்ற வானிலை அறிக்கையில் இடிமழை என்று போட்டிருந்தது. மெட்டார் வழக்கமாக ஒரு மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை வரும். வானிலை சட்டென்று மாறினால் இடையிலேயே சிறப்பு அறிக்கை விடுவார்கள். அது வர ஆரம்பித்ததுமே கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலியோரம் நின்று, விமானங்கள் போகும் பாதையை நேரலையில் காட்டும் ஃபிளைட்ராடார் செயலியைத் திறந்தால், எம்ப்ரேயர் 190 என்ற ஒரு ரீஜனல் ஜெட் நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹோல்டிங், அதாவது இறங்க முடியாமல் வானத்திலேயே காத்திருப்பது. 14,000 அடிக்குக் கீழே என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 4 நிமிடம் ஆகும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. ஜெட் விமானம் தரையிறங்கும்போது இன்னும் 30 நிமிடம் பறக்கக்கூடிய எரிபொருள் கடைசி இருப்பாக மிஞ்ச வேண்டும் என்பது சர்வதேச விதி. மாற்று நிலையம் வரை போகத் தேவையானது தனி. இந்த இரண்டும் போக மீதி இருப்பதை வைத்துத்தான் சுற்ற முடியும். அது தீரும் முன்பே விமானி முடிவெடுத்தாக வேண்டும். பெரிய அகல உடல் விமானங்கள் இறங்க முடியாத சின்ன ரன்வேயிலும் ரீஜனல் ஜெட் பெரும்பாலும் இறங்கிவிடும் என்பதால், நம்மைப் போன்ற நிலையங்களுக்கு வாய்ப்பு வருகிறது.

திடீரென்று அந்த நீள்வட்டம் உடைந்து, கோடு எங்கள் பக்கம் நீண்டது. செயலியில் சேருமிடம் என்று பழைய ஊரையே காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். மூக்கு எந்தப் பக்கம், உயரம் குறைகிறதா, அதைப் பாருங்கள்.

தூறலில் முதலில் தெரிந்தது தரையிறங்கும் விளக்குகள். இறக்கைக்குக் கீழே இரண்டு என்ஜின், நுனியில் மேல்நோக்கி வளைந்த விங்லெட். (என்ஜின் பின்னால் வால் பக்கம் இருந்து, வால் 'டி' வடிவில் இருந்தால் சிஆர்ஜே என்ற வேறொரு ரீஜனல் ஜெட் என்று நினைக்கலாம்.) சக்கரம் தொட்டதும், வேகம் குறைக்க என்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பும் ரிவர்ஸில் எழும்பிய தண்ணீர்ப் புகையில் பாதி விமானம் மறைந்தே போய்விட்டது. என் படம் அந்த நொடியில் எடுத்தது.

அப்புறம் நெடுநேரம் கதவே திறக்கவில்லை. எரிபொருள் லாரி வந்தது. காக்பிட்டின் பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து விமானி கீழே நின்றவரிடம் ஏதோ பேசினார். துணை விமானி டார்ச் அடித்துக்கொண்டே விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். இதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சிவப்பு பீக்கன் விளக்கு மினுக்க ஆரம்பித்தால் என்ஜினைக் கிளப்பப் போகிறார்கள் என்று அர்த்தம். புறப்படும் படத்துக்கு அப்போதே இடம் மாறி நின்றுகொள்ளலாம்.

நான் விமானி இல்லை. எரிபொருள் கணக்கை எளிமையாக்கித்தான் சொல்லியிருக்கிறேன், துறையில் இருப்பவர்கள் திருத்தினால் நன்றி. "பயணிகள் அவதிப்படும்போது உனக்குப் படம் கேட்கிறதா" என்று கேட்பவர்களுக்கு: நான் வேலிக்கு வெளியே, அனுமதி உள்ள இடத்தில் நிற்கிறேன். யார் வேலையையும் கெடுக்கவில்லை. விமானக் கட்டுப்பாட்டு ரேடியோவைக் கேட்பது சில நாடுகளில் குற்றம் என்பதால் அந்தப் பக்கமே போவதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை ஒரு செய்திப் பக்கம் என் பெயரை வெட்டியெடுத்துவிட்டு, "நடுவானில் மரண பயம்" என்று தலைப்புப் போட்டு வெளியிட்டது. அன்று அந்த விமானம் 7700 என்ற அவசர எண்ணைப் போடவே இல்லை. தீயணைப்பு வண்டிகள் ரன்வே ஓரம் வந்து நிற்கவும் இல்லை. வானிலை சரியில்லை என்று முன்பே திட்டத்தில் எழுதிவைத்த மாற்று இடத்துக்கு வந்து, எரிபொருள் போட்டுக்கொண்டு, மழை விட்டதும் போன விமானம் அது. ஒழுங்காக வேலை செய்த இரண்டு விமானிகளை ஏதோ தப்பிப் பிழைத்தவர்களாகக் காட்டியதுதான் எனக்கு வலித்தது. பெயரை வெட்டியதைக்கூட மறந்துவிடுவேன். மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை, தலைப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பக்கத்துப் பெரிய நிலையம் எது, உங்கள் ரன்வே நீளம் எவ்வளவு என்று சொன்னால், எந்த வகை விமானங்கள் அந்தப் பக்கம் வர வாய்ப்பு என்று பார்த்துச் சொல்கிறேன்.